பின்சக்கரத்துத் தேசிக்காய்

டீம் தேர்ட்டீன் என்ற மோட்டார் சைக்கிள் ரேஸ் குழுவுக்கு அந்தப் பெயர் மிருகங்களின் தயவால் கிடைத்தது.

குழு தொடங்கிய நாளில், பைக் ஓட்டும் சுமன் ஏதாவது மிருகத்தின் பெயரை வைப்போம் என்றான். கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருந்த அப்ஹாம் உடனே கையை விரித்துவிட்டான். சிங்கம் என்று வைத்தால் ஒரு கூட்டம் சிரிக்கும். புலி என்று வைத்தால் பொலிஸ் வரும். மாடு என்று வைத்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். கடைசியில் யாருடைய மனதையும் புண்படுத்தாத ஒன்றைத் தேடி, கராஜ் இருந்த கொழும்பு பதின்மூன்றை எடுத்துக்கொண்டார்கள். பைக்குக்கும் அதே இலக்கம். ஒரு தபால் இலக்கத்தோடு யார் சண்டைக்கு வரப்போகிறார்கள் என்பது அப்ஹாமின் கணக்கு.

சுமனின் தாய் மயிலம்மா வந்தாள்.

ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் பூவும் தேசிக்காய் என்கிற எலுமிச்சையும் விற்கிறவள் மயிலம்மா. குழுவின் மூன்றாவது வருடத்தில் இரண்டு ரேஸ் முடிந்த பிறகுதான், பதின்மூன்று கூடாத இலக்கம் என்று பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பெண் அவளிடம் சொல்லியிருக்கிறாள். மயிலம்மா நேரே கராஜுக்கு வந்து நின்றாள்.

"அது அவங்க சாமிக்குத்தானேம்மா கூடாது. நமக்கு என்னா?" என்றான் சுமன்.

"எந்தச் சாமிக்குக் கூடாட்டியும் கூடாததுதான்டா. நீ விழுந்தா எந்தச் சாமியும் வந்து தூக்காது, நான்தான் தூக்கணும்."

ஆனால் சட்டையில் இலக்கத்தை அச்சடித்தாகிவிட்டது. அதனால் ஒரு சமாதானம் செய்துகொண்டார்கள். அதுவரை, ரேஸ் தொடங்கும் கோட்டில் முன்சக்கரத்தின் கீழே மட்டும் மயிலம்மா ஒரு தேசிக்காய் வைப்பாள். பைக் அதை நசுக்கிக்கொண்டு புறப்பட்டால் திருஷ்டி கழிந்துவிடும். அந்த வருடத்தின் மூன்றாவது ரேஸிலிருந்து பின்சக்கரத்துக்கும் ஒன்று. பதின்மூன்றுக்கு ஒரு பழம் போதாது என்பது அவளுடைய கணக்கு.

இதையெல்லாம் அப்ஹாமின் தங்கை அர்பா பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதுதான் அவளுடைய வேலை. அவள் பௌதிகவியல் பட்டதாரி. கொலன்னாவையில் ஓர் ஆய்வுகூடத்தில் எண்ணெயின் தடிப்பை அளந்து எழுதுகிறாள். எண்ணெய் திருப்பிக் கதைக்காது என்பதால் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தை வீட்டில் இருந்தால் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோக வேண்டும். அதற்குத் தப்பித்தான் அவள் தன் அண்ணனோடு, அதாவது நானாவோடு, ரேஸுக்குப் போகத் தொடங்கினாள். சும்மா வந்தவளின் கையில் அப்ஹாம் ஸ்டொப்வோச்சைக் கொடுத்தான். அவளுக்கு முன்பு அந்த வேலையைச் செய்த மூன்று பேரும், சுமன் யாரையாவது முந்தும்போது துள்ளிக் குதித்துக் கூச்சல் போட்டு, பொத்தானை அமத்த மறந்தவர்கள். அர்பா கூச்சல் போடமாட்டாள். பஸ்ஸில் தான் இறங்கும் தரிப்பு வந்தால்கூட மணியடிக்க வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற இடத்தில் இறங்கி நடந்து வருகிறவள் அவள்.

இரண்டு வருடம் இந்தக் குழுவின் பின்னால் திரிந்ததில் அவள் சில விஷயங்களைக் கற்றுக்கொண்டாள். விழுந்தவனைத் தூக்க எல்லோரும் ஓடுவார்கள், ஆனால் முதலில் பைக்கைத்தான் தூக்குவார்கள். தோற்றவன் சொல்லும் காரணம் வென்றவன் சொல்லும் காரணத்தைவிட எப்போதும் நீளமாக இருக்கும். ஒரு நட்டு காணாமல் போனால் ஆண்கள் முதலில் பக்கத்தில் நிற்பவனைத் திட்டுவார்கள், பிறகுதான் கீழே குனிந்து பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் இருந்தும் இதில் ஒன்றையும் யாரும் சொல்லித்தரவில்லை.

ரேஸ் நடப்பது தெற்கே, கடலோரம், விமானம் வராத ஒரு பழைய ஓடுதளத்தில். இரண்டு நீளமான நேர்கோடுகள், சில சில்லறை வளைவுகள், தூரத்து முனையில் ஒரேயொரு உண்மையான திருப்பம். அந்தத் திருப்பத்துக்கு எங்கே பிரேக் பிடிப்பது என்பதுதான் முழு வித்தை. மற்ற ஓட்டுநர்கள் வேலியில் ஏதாவது ஒரு அடையாளத்தைப் பார்த்து வைத்திருப்பார்கள். சுமனுக்கு அது தேவையில்லை.

"முன்னால போறவன் முதுகு எழும்புதா, நானும் எழும்பி பிரேக்க புடிப்பேன். அவன் குனியுறானா, நானும் குனிவேன். இதுக்கு எதுக்கு அடையாளம்? அவங்கவங்க கஷ்டப்பட்டு கண்டுபுடிச்சு வச்சிருக்காங்க, நாம சும்மா எடுத்துக்கிறது."

முன்னால் யாரும் இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று அர்பா கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அந்த நிலை சுமனுக்கு இதுவரை வந்ததுமில்லை.

அந்த வருடம் மொத்தம் எட்டு ரேஸ். ஆறாவது முடிந்தபோது அமைப்பாளர்கள் ஒரு அறிவித்தலை ஒட்டினார்கள்: அடுத்த வருடம் இந்தப் பிரிவில் புள்ளிப் பட்டியலின் முதல் பத்துப் பேருக்குத்தான் இடம். சுமன் பதினோராவது.

அன்று வீட்டுக்கு வந்த அர்பா, அந்த வருடத்து நேரம் எழுதிய கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். முதல் இரண்டு ரேஸிலும் சுமன் நான்காவது இடத்திலிருந்து புறப்பட்டு, திருப்பத்தை நான்காவதாகவே அடைந்திருந்தான். மூன்றாவது ரேஸிலிருந்து நான்காவதாகப் புறப்பட்டு ஒன்பதாவதாக அடைந்திருந்தான். ஒருமுறை பத்தாவதாக. கிளட்சை மாற்றியும் அதேதான். டயரை மாற்றியும் அதேதான். சுமன் முட்டை சாப்பிட்ட நாளிலும் அதேதான், சாப்பிடாத நாளிலும் அதேதான். மாறாமல் இருந்த ஒன்று பின்சக்கரத்துத் தேசிக்காய்.

சந்தேகத்தோடு ஒன்றைச் சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை. சந்தேகமில்லாமல் சொல்லவும் பழக்கமில்லை, அது வேறு கதை. கராஜிலிருந்து ஒரு பழைய டயர்த் துண்டையும், ஆய்வுகூடத்திலிருந்து ஒரு வில்தராசையும் கொண்டுவந்து, பல்கனிச் சீமெந்துத் தரையில் டயர்த் துண்டின் மேல் செங்கல்லை வைத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு தேசிக்காயைத் தரையில் நசுக்கி, அதன்மேல் டயர்த் துண்டை வைத்து இழுத்தாள். செங்கல் வழுக்கிக்கொண்டு வந்தது. தராசின் முள் முந்திய அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது.

உம்மா பஹ்மியா எட்டிப் பார்த்தாள்.

"என்ன இது, தேசிக்காயெல்லாம் தரையில?"

"ஆராய்ச்சி உம்மா."

"ஆராய்ச்சிக்கு முந்தி எனக்கு ரெண்ட எடுத்து வச்சிட்டுச் செய். மீனுக்கு வேணும்."

அர்பா கொப்பியைக் கொண்டுபோய் அப்ஹாமிடம் காட்டினாள். அவன் இரண்டு தரம் வாசித்தான். தலையைச் சொறிந்தான்.

"சரிதான். நீ செல்றது சரிதான்," என்று அவள் சொன்னதை ஒப்புக்கொண்டான்.

"அப்ப நீங்க மயிலம்மா ஆன்டிக்கிட்ட செல்லுங்க நானா."

"எனக்கு ஏலா, முடியாது."

"ஏன்?"

"ஜனாவ மறந்துட்டியா?"

ஜனா கராஜில் முன்பு வேலை செய்த மெக்கானிக். பைக்குக்கு எதற்குத் தேசிக்காய், பெற்றோல் போதும் என்று மயிலம்மாவின் காதுபட ஒருமுறை சொன்னான். ரேஸ் நாட்களில் குழுவுக்குப் பகல் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வருகிறவள் மயிலம்மா. அன்று ஜனா தன் பார்சலைத் திறந்தபோது உள்ளே வெறும் சோறு இருந்தது. நடுவில் ஒரு தேசிக்காய்.

"அவட கோழிக் கறிய விட்டுட்டு என்னால ரேஸ் பார்க்க ஏலா. நீ கண்டுபிடிச்ச, நீயே செல்லு. நீ பொம்புளப்புள்ள, ஒண்டும் செல்ல மாட்டா."

"சுமன் கிட்ட?"

"சுமனா? அவன் அவட மகன். அவனுக்கு மூணு நேரமும் அந்தச் சோறுதான்."

ஏழாவது ரேஸிலும் மயிலம்மா இரண்டு தேசிக்காய் வைத்தாள். அர்பா மூன்றடி தூரத்தில் கொப்பியோடு நின்றாள். வாயைத் திறந்தாள். காற்று உள்ளே போனது, சொல் வெளியே வரவில்லை. சுமன் நான்காவதாகப் புறப்பட்டு ஒன்பதாவதாகத் திருப்பத்தை அடைந்தான். அவள் அதை எழுதிக்கொண்டாள்.

இனி மிஞ்சியது ஒன்று. கடைசி ரேஸில் சுமன் ஐந்தாவதற்குள் வந்தால் பட்டியலில் பத்தாவதாகிவிடுவான். ஆறாவது என்றால் குழு கலையும். பைக்குக்கு விளக்குப் பூட்டி சுமன் வேலைக்குப் போவான், அப்ஹாம் முச்சக்கரவண்டிகளுக்கு ஒயில் மாற்றுவான், அர்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள் தேத்தண்ணீர்த் தட்டுக்குத் திரும்பிப் போகும்.

அந்த ஞாயிறு காலை இன்னொரு சோதனையும் காத்திருந்தது. அவள் எப்போதும் போடுகிற சாம்பல் நிற அபாயாவை உம்மா தோய்த்துப் போட்டுவிட்டாள். மிஞ்சியது காலி வீதிக் கடையொன்றில் மலிவு விற்பனையில் உம்மா ஆசைப்பட்டு வாங்கிய ஊதா. கத்தரிக்காய்கூட அவ்வளவு ஊதாவாக இருக்காது.

கராஜ் வாசலில் லொறியில் பைக்கை ஏற்றிக்கொண்டிருந்த சுமன் நிமிர்ந்து பார்த்தான்.

"அடேங்கப்பா. தங்கச்சி, நீங்க வெள்ளவத்தையில பஸ் ஏறினது எனக்கு இங்கயே தெரிஞ்சிச்சு."

அர்பா போய் லொறியின் மறுபக்கத்தில் நின்றுகொண்டாள்.

மயிலம்மா முன் சீற்றில் பார்சல் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பாணந்துறை தாண்டுமுன் சொல்லிவிடுவது என்று அர்பா முடிவு செய்தாள். பாணந்துறை தாண்டியது. இறங்கியவுடன் சொல்லலாம். இறங்கினார்கள். தகுதிச் சுற்றில் சுமன் வழக்கம்போல யாருடைய முதுகையோ பிடித்துக்கொண்டு நான்காவது நேரம் எடுத்தான். சரி, பைக்கைக் கோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது சொல்லலாம்.

பதினாறு பைக்குகள் கோட்டில் நின்றன. ஒருவன் கையில் பௌத்தர்களின் பிரித் நூலைக் கட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் சிலுவை போட்டான். அப்ஹாம் வாய்க்குள் துஆ ஓதினான். அமைப்பாளர் ஒருவர் கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"இக்மன் கரன்ன அம்மே, இக்மன்!" அவருக்கு அவசரம். இருந்தாலும் தேசிக்காயை எடு என்று சொல்ல அவருக்கும் தைரியமில்லை. நாளைக்குத் தன் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு?

மயிலம்மா முன்சக்கரத்தின் கீழே முதல் பழத்தை வைத்தாள். முந்தானையிலிருந்து இரண்டாவதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்து குனிந்தாள்.

"பின்னுக்கு வைக்க வேணாம் ஆன்டி."

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பக்கத்துப் பைக்காரனும் திரும்பிப் பார்த்தான். அப்ஹாம் இரண்டடி பின்னால் போய் வானத்தைப் பார்த்தான்.

"என்னா?" என்றாள் மயிலம்மா, குனிந்தபடியே.

"அது... டயர் வழுக்குது. வெளிக்கிடக்குள்ள. அதுலதான் ஒவ்வொரு தரமும் அஞ்சு இடம் போகுது. எழுதி வச்சீக்கிறன்." கொப்பியை நீட்டினாள்.

மயிலம்மா மெதுவாக நிமிர்ந்தாள். கொப்பியைப் பார்க்கவில்லை. அர்பாவைப் பார்த்தாள்.

"இத எப்ப கண்டுபுடிச்ச?"

"ஆறாவது ரேஸ்ல."

"இது எத்தனாவது?"

"எட்டாவது."

"அப்ப ஏழாவது ரேஸ்ல என்னா பண்ணிக்கிட்டிருந்த?"

அர்பாவுக்குப் பொய் வரவில்லை. "எழுதிட்டிருந்தன்."

"எழுதிக்கிட்டிருந்தியா!" மயிலம்மா கையிலிருந்த பழத்தால் தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "எம்மகன் வழுக்கி வழுக்கி போறான், இந்த மகராசி நின்னு எழுதிக்கிட்டிருந்திருக்கா. வாயில என்னா கொழுக்கட்டையா? நான் என்னா புள்ள புடிக்கிறவளா, என்கிட்ட சொல்லப் பயப்பட?"

ஹெல்மட்டுக்குள் இருந்து சுமனின் குரல் வந்தது. "அம்மா, ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். சரி, படிச்ச புள்ள, சொல்லு. இத இப்ப எங்க வைக்கிறது? எடுத்த பழத்த திருப்பி மடியில கட்ட முடியாது."

இதைப்பற்றி அர்பா யோசிக்கவில்லை. பழத்தை வைக்கக்கூடாது என்பதற்கு அவளிடம் ஏழு ரேஸின் ஆதாரம் இருந்தது. எங்கே வைப்பது என்பதற்கு ஒன்றும் இல்லை. மயிலம்மாவின் பார்வை பக்கத்துப் பைக்கின் பின்சக்கரத்துக்குப் போனது.

"ஆன்டி!"

"சும்மா பாத்தேன்." மயிலம்மா பழத்தை அர்பாவின் உள்ளங்கையில் வைத்து அவளுடைய விரல்களை மூடினாள். "கீழ வைக்காம வச்சுக்க. ரேஸ் முடியிற வரைக்கும்."

கொடி விழுந்தது. இடையில் மாற்றிய கிளட்சும் டயரும் முதல் தடவையாக வழுக்காமல் வேலை செய்ய, சுமனின் பின்சக்கரம் தரையைக் கவ்விப் பிடித்தது. அவன் போன வேகத்தில் பக்கத்தில் நின்ற மூன்று பைக்குகளும் பழுதாகி நிற்பதுபோல் தெரிந்தன. நேர்கோட்டின் பாதியில் இரண்டாவது, முக்கால்வாசியில் முதலாவது. அப்ஹாம் துள்ளினான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக டீம் தேர்ட்டீனுக்கு முன்னால் வெறும் ரோட்டு மட்டும் இருந்தது.

அப்போதுதான் அர்பா அந்த ரோட்டைப் பார்த்தாள். முன்னால் வெறும் ரோட்டு மட்டும் இருந்தது. ஒரு முதுகுகூட இல்லை.

அவளுடைய கொப்பியில் இரண்டு விஷயமும் இருந்தன. ஒரு பக்கத்தில் தேசிக்காய், இன்னொரு பக்கத்தில் சுமனின் பிரேக். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வாசிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

சுமன் திருப்பத்துக்கு வந்தான். எந்த முதுகும் எழும்பவில்லை. அதனால் அவனும் எழும்பவில்லை. நேராகப் போனான். ரோட்டைத் தாண்டி, புல்லைத் தாண்டி, யாரோ பகல் சாப்பாட்டுக்கு விரித்து வைத்திருந்த பாயின் ஓரத்தையும் தாண்டி, கடைசியில் ஒரு மாட்டின் முன்னால் போய் நின்றான். மாடு அசையவில்லை. பின்னால் வந்த பதினைந்து பேரும் ஒழுங்காகத் திரும்பிப் போனார்கள்.

"என்னாச்சு?" என்றாள் மயிலம்மா. ரேஸ் நடக்கும்போது அவள் ஒருநாளும் ஓடுதளத்தைப் பார்க்கமாட்டாள். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்சல்களை எண்ணுவாள்.

"முதலாவதா போய்..." என்றான் அப்ஹாம்.

"போய்?"

"கொஞ்சம் கூடப் போயிட்டான்."

அர்பா கையில் தேசிக்காயோடு நின்றாள். திருத்தியது அவள். கெடுத்ததும் அவள். வாயைத் திறந்து சொன்ன ஒரேயொரு தடவைக்கு இதுதான் பலன் என்றால், வாயை மூடிக்கொண்டிருந்த இருபத்தைந்து வருடமும் புத்திசாலித்தனம்தான்.

சுமன் பைக்கைத் திருப்பிக்கொண்டு பதினாறாவதாக ஓடுதளத்துக்கு ஏறினான். அங்கிருந்து நடந்தது வேறு மாதிரி. கடைசியில் இருப்பவனுக்குப் பதினைந்து முதுகுகள் முன்னால் இருக்கின்றன. சுமனுக்கு அது சொந்த ஊர். ஒவ்வொரு முதுகாகப் பிடித்தான், அது எழும்பியபோது எழும்பினான், குனிந்தபோது அதற்கு முன்பே குனிந்து தாண்டினான். இரண்டு பேர் தாங்களாகவே விழுந்து உதவினார்கள். பன்னிரண்டு சுற்றில் ஆறு முடிந்தபோது அவன் ஆறாவது இடத்தில் இருந்தான்.

ஐந்தாவது இடத்தில் இருபத்தேழாம் இலக்க நீலப் பைக். அது நான்கு செக்கன் முன்னால், தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு தூரத்தில் முதுகு தெரியாது.

அர்பா பொத்தானை அமத்தி, நேரத்தைப் பார்த்தாள். யாருக்காவது பின்னால் போகும்போது சுமனின் சுற்று ஐம்பத்தெட்டு செக்கன். தனியாகப் போன இந்தச் சுற்று அறுபது. மாட்டுக்குப் பயந்து பாதி ரோட்டிலேயே பிரேக் பிடிக்கிறான். இப்படியே போனால் இடைவெளி கூடும். ஆறாவது இடம்.

அவனுக்கு ஒரு முதுகு வேண்டும்.

எங்கே என்று அவளுக்குத் தெரியும். வேலிக் கம்பங்களை எண்ணுவது அவளுடைய பழைய பழக்கம். எல்லோருடைய முதுகும் எழும்புவது இருபத்துமூன்றாவது கம்பத்தில். அங்கே ஏதாவது ஒரு அடையாளம் வேண்டும், அவ்வளவுதான்.

"நானா, துணி ஏதும் ஈக்குதா? பெரிசா?"

அப்ஹாம் சிவப்புத் துவாய் ஒன்றை எடுத்தான்.

"சிவப்புக் காட்டினா ரேஸையே நிப்பாட்டிருவாங்க!"

மஞ்சள் என்றால் முந்தக்கூடாது. பச்சை என்றால் பாதை சரி. நீலம் என்றால் பின்னால் வருகிறவனுக்கு வழி விடு. கறுப்பு என்றால் வெளியே போ. வெள்ளைக்கும் ஏதோ இருக்கிறது. ரேஸ்காரர்கள் ஒரு நிறத்தையும் சும்மா விட்டுவைக்கவில்லை.

அப்ஹாம் தங்கையை மேலிருந்து கீழே பார்த்தான். அவளும் குனிந்து தன்னைப் பார்த்தாள்.

"ஊதாவுக்குக் கொடி இல்ல," என்றான் அவன்.

அர்பா ஸ்டொப்வோச்சை அவன் கையில் திணித்தாள். "சுமனுக்குக் காட்டுற போர்ட்ல எழுதுங்க. ஊதாவில பிரேக். வேற ஒண்டும் எழுத வேணாம்."

பிறகு அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஐஸ்கிறீம் வான், கச்சான் வண்டி, தொப்பி போட்ட கூட்டம், எல்லாவற்றுக்கும் நடுவால் ஓடினாள். மறு கையில் தேசிக்காய் இருந்தது. அவள் இருபத்துமூன்றாவது கம்பத்தை அடைந்தபோது ஏழாவது சுற்று முடிந்து, இடைவெளி ஆறு செக்கன் ஆகியிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சீமெந்துக் கல் கிடந்தது. அதில் ஏறி நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

ஒரு ஓடுதளம் முழுக்க அவளைப் பார்த்தது. அப்படி அவளுக்குத் தோன்றியது. அன்னாசி விற்கிறவர், தங்கச்சி என்ன சிலையா என்று சிங்களத்தில் கேட்டார். சிரித்தார்கள். காது சூடாகியது. இறங்கிவிடலாம் என்று கால் சொன்னது. இறங்கினால் தேத்தண்ணீர்த் தட்டு. அவள் கையை இன்னும் அகல விரித்தாள்.

பதின்மூன்றாம் இலக்கம் நேர்கோட்டில் வந்தது. ஹெல்மட் கொஞ்சம் தூக்கியது. அவன் போர்டை வாசித்திருக்கிறான், ஆனால் நம்பலாமா என்று யோசிக்கிறான். பாதி ரோட்டில் பிரேக் பிடிக்கவில்லை. முக்காலில் பிடிக்கவில்லை. நேரே அவளுக்கு முன்னால் வந்ததும் அவனுடைய முதுகு எழும்பியது. பைக் சாய்ந்தது, திருப்பத்தில் அழகாக வளைந்து போனது.

அடுத்த சுற்றும். அதற்கடுத்ததும். கையில் ஸ்டொப்வோச் இல்லாததால் அர்பா வாய்க்குள் எண்ணினாள். நீலப் பைக் போனதிலிருந்து சுமன் வரும்வரை முதலில் ஆறு எண்ணினாள், பிறகு ஐந்து, மூன்றரை, இரண்டு. தோள் கழன்று விழும்போல் வலித்தது. அன்னாசிக்காரர் இப்போது சிரிக்கவில்லை. அவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. அவளுக்கு முன்னால் வந்து நின்ற இரண்டு பேரை அவர் கத்தியைக் காட்டித் துரத்தினார்.

கடைசிச் சுற்று. இரண்டு பைக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இருபத்துமூன்றாவது கம்பத்துக்கு இரண்டு கம்பம் முன்னாலேயே நீலப் பைக்காரனின் முதுகு எழும்பியது. களைத்துவிட்டான் அல்லது பயந்துவிட்டான். சுமனுக்கு முன்னால் இப்போது ஒரு முதுகு இருக்கிறது. முதுகு எழும்பினால் சுமனும் எழும்புவான். அவன் கற்றதெல்லாம் அதுதான்.

அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே பிறகு ஞாபகமில்லை. அது கோட்டில் தேசிக்காய் வைக்கிற அம்மாவின் பாணியில் இருந்தது என்று மட்டும் அன்னாசிக்காரர் பிறகு அப்ஹாமிடம் சொன்னார். இயந்திரச் சத்தத்தில் அது சுமனுக்குக் கேட்டிருக்க வழியே இல்லை.

சுமன் எழும்பவில்லை. எழும்பிய முதுகைத் தாண்டி, ஊதாவுக்கு நேரே வந்துதான் எழும்பினான்.

ஐந்தாவது.

அவள் திரும்பி வந்தபோது பைக்கைச் சுற்றி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அப்ஹாம் அழுதுகொண்டு, கண்ணில் தூசி என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தான். கடைசிச் சுற்றில் ஸ்டொப்வோச்சை அமத்த அவன் மறந்துபோயிருந்தான். சுமன் ஹெல்மட்டைக் கழற்றினான்.

"தங்கச்சி, அடுத்த வருசம் எல்லா ரேஸ்லயும் நீங்க அங்கதான். மழை பெய்ஞ்சாலும் சரி, வெயிலடிச்சாலும் சரி."

"வேற நிறம் ஒண்டும் போட்டுடாத," என்றான் அப்ஹாம்.

அர்பாவுக்கு ஒரு விஷயம் விளங்கியது. ஒரு இடத்தில் வாயைத் திறந்தால், அந்த இடத்தின் வேலை நம் தலையில் விழும். முன்பே யாராவது சொல்லியிருந்தால் யோசித்திருப்பாள்.

மயிலம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அர்பாவின் இடது கையைப் பிடித்தாள். விரல்கள் மரத்துப்போய், பழத்தைச் சுற்றி இறுகியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே தேசிக்காய் சூடாக, கொஞ்சம் நசுங்கி இருந்தது.

"பாத்தியா?" என்றாள் எல்லோரையும் பார்த்து. "கீழ வைக்காம வச்சிருந்தா. பழம் வேலை செஞ்சிருச்சு."

ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று சொல்ல அர்பா வாயைத் திறந்தாள். பிறகு யோசித்துப் பார்த்தாள். பழம் கையில் இருந்தது உண்மை. ஐந்தாவது இடம் கிடைத்ததும் உண்மை. அந்த நீலப் பைக்காரன் ஏன் இரண்டு கம்பம் முன்னாலேயே பயந்தான் என்பதற்கு அவளிடம் எந்த விளக்கமும் இல்லை.

மயிலம்மா அந்தப் பழத்தை வெட்டி, உப்புப் போட்டு, ஒரு போத்தல் தண்ணீரில் பிழிந்து சுமனுக்குக் கொடுத்தாள். அர்பாவின் பார்சலில் கோழியோடு இரண்டு முட்டையும் இருந்தன. அப்ஹாமின் பார்சலில் ஒன்றுதான். அவன் இரண்டையும் எட்டிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

லொறியில் திரும்பும்போது அர்பா கொப்பியை எடுத்து எட்டாவது ரேஸின் கீழே எழுதினாள்: முன்சக்கரம், ஒரு பழம். பின்சக்கரம், இல்லை. கை, ஒரு பழம். இடம், ஐந்து. அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து, மேலதிக ஆராய்ச்சி தேவை என்று எழுதினாள்.

திங்கட்கிழமை காலை கொலன்னாவை பஸ்ஸில் அவள் இறங்கும் தரிப்பு வந்தது. யாரும் எழும்பவில்லை. மணிக் கயிறு தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் தோள் இரண்டும் இன்னும் வலித்தன, கையைத் தூக்க முடியவில்லை. அவள் அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்தாள்.